மாப்பிள்ளை வீடு, முப்பரிமாணத்தில்

“மாப்ள வூடு எப்பிடி இருக்குது பாருடி!” என்று பெரியநாயகி போனை மகளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

பல் துலக்கிக்கொண்டிருந்த இலக்கியா பார்த்தாள். பார்த்தவள் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

ரோஸ் நிறத்தில் ஒரு மாடி வீடு. போர்ட்டிகோவில் சிவப்புக் கார். வாசலில் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் பின்னால் பனி மூடிய மலை.

“கச்சிராயபாளையத்து எடம். பையன் பேரு இளவரசன். கோமுகி வாய்க்கா பாசனத்துல நாலு ஏக்கரா கரும்பு. தரகர் இப்பதான் அனுப்புனாரு.”

“அம்மா, இப்பிடி ஒரு வூடே கெடையாது.”

“கெடையாதா? அப்ப இது இன்னா, மாட்டுக் கொட்டாயா?”

“இது நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதும்மா!”

பொய்யில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, கல்லூரி முடித்த கையோடு, இலக்கியா ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் மூன்று மாதம் கம்ப்யூட்டரில் வீடு வரையும் ‘கேட்’ (CAD) வகுப்பு படித்தாள். முதல் நாள் சுபாஷ் சார் திரையில் நீளமாக ஒரு செவ்வகம் போடச் சொன்னார். போட்டாள். “இப்ப அதைப் புடிச்சு மேல இழுங்க” என்றார். இழுத்தாள். கோலம் மாதிரி படுத்துக் கிடந்த கட்டம், பத்தடிச் சுவராக எழுந்து நின்றது. இலக்கியா மிரண்டுபோய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள். நீளத்துக்கு ஒரு கோடு, அகலத்துக்கு ஒரு கோடு, உயரத்துக்கு ஒரு கோடு. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் செங்கல் இல்லாமல், சிமெண்ட் இல்லாமல் வீடு கட்டிவிடலாமா!

அந்த மிரட்சியில் அவள் கட்டிய முதல் வீடுதான் இது. வெள்ளைக்காரியும் நாயும் காரும் பனிமலையும் சாஃப்ட்வேரில் சும்மா கிடைத்தவை. கிடைத்ததையெல்லாம் வாரிப் போட்டிருந்தாள். வீட்டில் தப்புகள் ஏராளம். சுபாஷ் சார் தப்புகளைப் பார்க்கவில்லை, கலரைப் பார்த்தார். ஒரு பக்கம் முகப்பு, மறுபக்கம் கூரையைத் தூக்கிவிட்டு உள்ளறைகள் தெரியும் காட்சி, கீழே ‘வடிவமைப்பு: மாணவி தெ. இலக்கியா, ரிஷிவந்தியம்’ என்று ஃபிளெக்ஸ் அடித்துப் பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டிவிட்டார்.

அதன் பிறகு இலக்கியா ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வேலை செய்து, இப்போது சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அப்பாவைச் சம்மதிக்கவைக்கவே நாலு மாதம் ஆகியிருந்தது.

“கல்யாணத்த தட்டிக் கழிக்க நல்ல சாக்கு கண்டுபுடிச்ச” என்றாள் பெரியநாயகி.

“பின்னாடி மலையப் பாரும்மா. கல்வராயன் மலையில என்னிக்கி ஐஸ் கொட்டுச்சு?”

பெரியநாயகி உற்றுப் பார்த்தாள். “மார்கழி மாசம் எடுத்திருப்பாங்க.”

“சரி, இந்த வெள்ளைக்காரி?”

“வூட்டு வேலைக்கு வெச்சிருப்பாங்க. வசதியானவங்கடி!”

இலக்கியா வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய ஃபைல் இருந்தது. அழுத்தினாள். ரோஸ் வீடு திரையில் வந்து நின்றது. மவுஸைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினாள். வீடு குட்டிக்கரணம் போட்டது.

“ஐயையோ! மாப்ள வூட்ட கவுக்கறாளே!” என்று பெரியநாயகி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இப்ப பாரு.” இலக்கியா கூரையைத் தூக்கித் தனியே வைத்தாள்.

“நல்ல காரியம் பேசறப்ப கூரையப் பிரிக்காதடி பாவி!”

“கூரையே இல்லம்மா இது, வெறும் படம். இங்க பாரு, இதான் சமையக்கட்டு. இது கக்கூஸு. இந்தப் பக்கம் திரும்புனா பெட்ரூமு…”

“பெட்ரூமு எந்தப் பக்கம்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

கேட்டது அம்மா இல்லை. தோளில் மண்வெட்டியோடு வாசற்படியில் நின்றிருந்த அப்பா தெய்வசிகாமணி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“நான்தாம்பா இந்த வூட்ட கட்டுனேன்.”

“யாரோ பெத்த புள்ளையோட வூடு. அதுல கக்கூஸு எங்க, பெட்ரூமு எங்கன்னு எம்பொண்ணு வெரல வெச்சிக் காட்டுது. கேட்டா கட்டுனேங்குது.” மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “பையன உனக்கு முன்னாடியே தெரியுமா?”

இலக்கியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ அப்பா! சுபாஷ் சாரையே கேளுங்க!” என்று அப்போதே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

சுபாஷ் சார் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். காற்று இரைந்தது. “இலக்கியா அப்பாங்களா? வணக்கங்க. அந்த ரோஸ் வூடுதான? மறக்க முடியுமாங்க! மூணு மாசமும் உங்க பொண்ணு அந்த வூட்டுக்குள்ளயேதான் கெடந்துச்சி. சாப்பாட்டுக்குக்கூட வெளிய வராது. நான் கூப்புட்டாலும் காதுல வாங்காது. அவ்ளோ ஆசை!”

அதோடு டவர் போய்விட்டது.

பெரியநாயகி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“மூணு மாசம்” என்றார் தெய்வசிகாமணி. “வாத்தியாருக்கே தெரிஞ்சிருக்குது. பெத்தவனுக்குத் தெரியல.” மண்வெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “சேலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம போறோம். பேசி முடிச்சிட்டு வரோம்.”

அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அழுகையைக் காதல் என்றார்கள். பட்டினியையும் காதல் என்றார்கள். கடைசியில் இலக்கியாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இல்லாத வீட்டை எப்படிக் காட்டுவார்கள்? நேரில் போனால் குட்டு உடையத்தானே வேண்டும்?

“நானும் வரேன்” என்றாள்.

“மாப்ள வூடு பாக்க பொண்ணு போறது எந்த ஊர் வழக்கம்?” என்று பெரியநாயகி பதறினாள்.

தெய்வசிகாமணி தயங்கியபடியே தரகருக்குப் போன் செய்தார். தரகர் குரலில் ஒரே குதூகலம். “அத்தச் சொல்லத்தான் நானே கூப்பிட இருந்தேங்க. பொண்ணு கட்டாயம் வந்தாவணுமாம். நீங்க வராட்டியும் பரவால்ல, பொண்ணு வரணுமாம்!”

போனை வைத்துவிட்டு அப்பா மகளைப் பார்த்த பார்வையில், இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக, தோளில் லேப்டாப் பையும் மாட்டிக்கொண்டு இலக்கியா பஸ் ஏறினாள். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும், “எதுத்தாப்புல என் ஃபிளெக்ஸ் இருக்கும், வாங்க காட்டறேன்” என்று இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அதே கம்பத்தில் இரட்டைக் குழந்தைகளின் காதணி விழா பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

“இதுல நீ எங்கடி இருக்க?” என்றாள் பெரியநாயகி.

கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ். நிறுத்தத்தில் தரகர் காத்திருந்தார். வாய்க்கால் கரையோரம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு நடந்தார். “கிட்டதாங்க” என்று மூன்று முறை சொன்னார். இலக்கியாவின் மனம் மட்டும் லேசாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஐந்து நிமிடம். ஏதாவது ஓட்டு வீட்டைக் காட்டுவார்கள். அப்பா முகம் மாறும். நாளைக்கே சேலத்துக்குத் துணி எடுத்து வைத்துவிடலாம்.

கரும்பு முடிந்த இடத்தில் பாதை திரும்பியது.

இலக்கியாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

ரோஸ் நிறத்தில் ஒரு மாடி வீடு. போர்ட்டிகோ. அதில் சிவப்புக் கார். வீட்டுக்குப் பின்னால் பனி மட்டும் இல்லாமல் கல்வராயன் மலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் வெள்ளைக்காரி. சிமெண்டில் செய்து பெயின்ட் அடித்திருந்தார்கள். கையில் சிமெண்ட் நாய். அரைக்கால் சட்டைக்கு மட்டும் பதிலாகப் பச்சைப் புடவை உடுத்தியிருந்தாள்.

“வூடே கெடையாதுன்னியே?” என்று பெரியநாயகி மகளின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

இலக்கியாவுக்குக் கிள்ளு உறைக்கவில்லை. மண்டைக்குள் கிர்ரென்றது. இது எப்படி எழுந்து நிற்கிறது? அவள் திரையில் இழுத்ததற்கு இங்கே எழுந்துவிட்டதா?

“வாங்க வாங்க!” என்று வீட்டுப் பெரியவர் கலியபெருமாள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கும்பிட்டது தெய்வசிகாமணியை, கண் முழுக்க இலக்கியாமேல். “நீதானாம்மா இலக்கியா? வாம்மா. பாத்து வா, அந்தத் தூணுல முட்டிக்காத.”

முற்றத்தின் நடுவே தூண் ஒன்று எதையும் தாங்காமல் தனியே நின்றுகொண்டிருந்தது. பசுமாடு ஒன்றை அதில் கட்டியிருந்தார்கள். இலக்கியாவுக்குத் தெரியும் அந்தத் தூணை. போர்ட்டிகோவைத் தாங்க வேண்டியது. அன்றைக்கு முன்பக்கமாக மட்டும் பார்த்துக்கொண்டு வைத்ததில், எட்டடி தள்ளிப் போய் நின்றுவிட்டது. திரையில் சுழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சுழற்றிப் பார்க்கவில்லை.

“கட்டுன மேஸ்திரி கேட்டாருங்க, இது எதுக்குன்னு” என்றார் கலியபெருமாள். “பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸுல இருந்தது கம்ப்யூட்டர் போட்ட படம், அதுல காரணம் இல்லாம இருக்குமா, படத்துல இருக்கறத அப்பிடியே கட்டுன்னுட்டேன்.”

உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். பெண் ஒருத்தி வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வந்து காபி கொடுத்தாள். “நாத்தனா போலருக்குது. பொறந்த வூட்டுக்கு வந்திருக்கும்” என்று பெரியநாயகி மகளின் காதில் ஓதினாள்.

“கால்ல இன்னாம்மா அடி?” என்று தெய்வசிகாமணி கேட்டார்.

“படியில வுழுந்துட்டங்க” என்றாள் அவள், இலக்கியாவைப் பார்த்துக்கொண்டே.

அடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். மாடிப்படி மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் நிற்காமல் இன்னும் நாலு படி ஆகாயத்தை நோக்கி ஏறியது. இலக்கியா ஒரு படியை வரைந்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று கேட்ட கட்டத்தில் பதினெட்டுக்குப் பதிலாக இருபத்திரண்டு என்று அடித்திருந்தாள்.

“அந்தக் கடைசிப் படியில ஏறி நின்னாதாங்க போனுக்கு டவரு கெடைக்குது” என்றாள் கலியபெருமாளின் மனைவி, குறை சொல்கிறாளா பெருமைப்படுகிறாளா என்று தெரியாத குரலில்.

தெய்வசிகாமணிக்கு வீடு பிடித்துவிட்டது. மகள் வாழப்போகும் வீடல்லவா? தாராளமாக நடந்து போய் மாடியறையின் கதவு ஒன்றைத் திறந்தார். “பால்கனியா?” என்று கேட்டபடியே இடது காலை வெளியே வைத்தார்.

வெளியே ஒன்றுமில்லை.

“ஐயையோ!” என்று நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். ஓர் இளைஞன் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். அவர் வேட்டி கலியபெருமாள் கையில் இருந்தது. பன்னிரண்டு அடிக்குக் கீழே சிமெண்ட் வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

இழுத்தவன்தான் இளவரசன். “பயப்படாதீங்க மாமா. எங்க வூட்டுக்கு வர எல்லாரும் ஒரு தடவ அதுல கால வெச்சிருக்காங்க” என்று ஆறுதல் சொன்னான்.

வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்ட தெய்வசிகாமணிக்கு ‘மாமா’ என்ற சொல் இனித்தது. கீழே வந்து தண்ணீர் குடித்தார்.

கலியபெருமாள் கடைசியாக ஒரு சுவர் முன்னால் போய் நின்றார். நாலு பக்கமும் சுவர். கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

“இது இன்னா ரூமுங்க?” என்றாள் பெரியநாயகி.

“தெரியலங்க. படத்துல ரூமு இருந்துச்சி, கதவு இல்ல. பூசிட்டோம். மேஸ்திரியோட சைக்கிளு உள்ளதான் இருக்குது.”

இதற்குமேல் இலக்கியாவால் முடியவில்லை. அந்த அறையும் அவளுக்கு நினைவிருந்தது. கதவின் டிசைனை மாற்றலாம் என்று பழைய கதவை எடுத்துவிட்டாள். உடனே கரண்ட் போய்விட்டது. மறுநாள் புதுக்கதவு வைக்க மறந்துபோனாள். கரண்ட் போனதற்கு ஒரு குடும்பம் ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இந்த வூட்ட வரைஞ்சது நான்தாங்க” என்றாள். “அது மொத மொத கத்துக்கறப்ப போட்டது. எல்லாம் தப்பு. தூணு தப்பு, படி தப்பு, கதவு தப்பு. நீங்க இன்னா திட்டுனாலும் கேட்டுக்கறேன்.”

இத்தோடு சம்பந்தம் முறிந்தது, அப்பாவுக்கும் உண்மை புரியும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் திட்டவில்லை. கலியபெருமாளின் மனைவி மேலே பார்த்துக் கும்பிட்டாள். “மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்ட தாயி!”

காபி கொடுத்த பெண் நொண்டியபடியே ஓடிப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் ‘வீட்டுக் குறைகள்’ என்று தலைப்பு. பின்வாசலில் மேஸ்திரி சுத்தியலும் உளியுமாக வந்து நின்றார். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கூப்பிட்டதும் வருகிற தூரத்தில்தான் காத்திருந்திருக்க வேண்டும்.

தெய்வசிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. “பொண்ணு பாக்கற எடத்துல மேஸ்திரி எதுக்கு?” என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

“வரப்போற மருமவ இஷ்டப்படி வூட்ட மாத்தறாங்க. குடுத்து வெச்சவ” என்று பெரியநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இலக்கியா லேப்டாப்பைத் திறந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அளவுநாடாவின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இளவரசன் பிடித்துக்கொண்டு அறை அறையாக வந்தான். அவள் அளவைச் சொல்லும் முன்பே அவன் சொன்னான். மூடிய அறைக்குக் கதவு எங்கே வரும் என்று சாக்குக்கட்டியால் சுவரில் கோடு போட்டாள். மாடிக் கதவுக்கு வெளியே தளம் ஒன்றைத் திரையில் இழுத்து நீட்டினாள். கீழே இரண்டு தூண் கொடுத்தாள். இந்த முறை நாலாபுறமும் சுழற்றிக் காட்டினாள். மொத்தக் குடும்பமும் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றது. மேஸ்திரி ஓங்கி ஒரு அடி அடித்தார். சுவர் உடைந்து ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே போனது.

“என் சைக்கிளு!” என்றார் மேஸ்திரி, தழுதழுத்து.

இலக்கியா சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சொரசொரவென்று, கனமாக, நிஜமாக இருந்தது. அவள் இழுத்த சுவர். திரும்பிப் பார்த்தால் இளவரசன் நாடாவைப் பொறுமையாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். அப்பா உயிரைக் காப்பாற்றியவன். ஒரு வருடமாக இவள் செய்த தப்புக்குள் குடியிருந்தும் முகம் சுளிக்காதவன். சேலத்து வேலையைப் பற்றிச் சொன்னால்கூடப் புரிந்துகொள்வான் என்று ஏனோ தோன்றியது. அம்மா கண்ணாலேயே, ‘இன்னாடி, புடிச்சிருக்குதா?’ என்று கேட்டாள். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் சுட்டது. மெல்ல ஒரு தலையசைப்பு.

அது போதும் தெய்வசிகாமணிக்கு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு நடுவே வந்து நின்றார். தரகர் மட்டும் எதற்கோ நைசாக எழுந்து, வாசல் பக்கம் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

“சுத்தி வளைக்காம கேக்கறேன் தம்பி” என்றார் தெய்வசிகாமணி. “எம்பொண்ண உங்களுக்குப் புடிச்சிருக்குதா?”

இளவரசன் திருதிருவென்று விழித்தான். கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். காலி டம்ளர்களை எடுக்க வந்த நொண்டிக்கால் பெண்தான் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரர ஏங்க கேக்கறீங்க? வூடு ரிப்பேருன்னு கூப்புட்டா ஓடிப்புடுவீங்க, பொண்ணு பாக்கன்னாதான் குடும்பத்தோட வருவீங்கன்னு தரகருதாங்க சொன்னாரு!”